கரண்ட் வைத்த கதை

ஆண்டெரோஸ் என்ற ரோமாபுரி அதிகாரிக்குக் காலில் கவுட் வாதம். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. திபேரியஸ் மன்னரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஊர்ப் பணக்காரர்கள் சாகும்போது மன்னர் பெயருக்கு எழுதிவைக்கும் சொத்துகளைக் கவனிக்கிற இலாகாவில் போய் உட்கார்ந்தவர். அப்படிப்பட்ட நாற்காலியில் இருப்பவருக்கு எந்தக் காலத்திலும் விருந்துக்குக் குறைவிருக்காது. விருந்து கூடினால் கவுட்டும் கூடும். கட்டைவிரல் வீங்கி, துணி நுனி பட்டாலே உயிர் போகும்.

அவருக்குக் கிடைத்த வைத்தியம் இது. அலை வந்து நனைக்கிற ஈர மணலுக்குப் போகவேண்டியது. உயிரோடிருக்கும் கறுப்பு மின்திருக்கை ஒன்றைக் காலடியில் போட்டு மிதிக்கவேண்டியது. பாதம் மரத்து, கெண்டைக்கால் மரத்து, முழங்கால்வரை மரமரப்பு ஏறும்வரை இறங்கக்கூடாது.

இதை எழுதிவைத்தவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ். கிளாடியஸ் மன்னர் கி.பி. 43-ஆம் ஆண்டில் பிரிட்டன் மேல் படையெடுத்தபோது கூடவே போன வைத்தியர். திரும்பி வந்து 271 மருந்துகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். தலைவலிக்கும் அதில் மீன்தான் மருந்து. உயிருள்ள மின்திருக்கையை வலிக்கிற இடத்தில் வை, மரத்ததும் எடுத்துவிடு, இல்லாவிட்டால் உணர்ச்சியே போய்விடும் என்கிறார். கூடவே ஒரு முன்யோசனை: ஒரு மீனுக்கு வலி மசியாமல் போகலாம், இரண்டு மூன்று மீன்களைத் தயாராக வைத்துக்கொள். தலையில் ஒரு மீன், பக்கத்துத் தொட்டியில் இரண்டு மீன் என்று ரோமானியக் கனவான் ஒருவர் படுத்திருக்கும் காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தக் குடும்பத்தின் பெரிய மீன்கள் 200 வோல்ட்வரை உதறக்கூடியவை. நம் வீட்டு பிளக்கில் இருப்பது 230.

ஆண்டெரோஸ் தற்செயலாக மீனை மிதித்துத்தான் இந்த வைத்தியமே பிறந்தது என்று பின்னால் வந்தவர்கள் கதையை நீட்டிவிட்டார்கள். லார்கஸ் சொன்னது, 'இவருக்கு இதனால் குணமானது' என்கிற அளவுக்குத்தான். அரண்மனை அதிகாரி குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு எந்த வைத்தியர் மேற்கொண்டு குடைவார்?

இனி வரும் இரண்டாயிரம் வருடக் கதையும் இதேதான். ஷாக் கொடுத்தவரே குனிந்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார். வாங்கியவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்பார். கேட்டவர் உடனே புத்தகம் எழுதுவார்.

பின்னால் வந்த கேலன் என்ற வைத்தியர் மட்டும் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. செத்த மீனையும் வைத்துப் பார்த்தார், பலனில்லை. உயிருள்ள மீனை வைத்தார், பலன் இருந்தது. மருத்துவத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு நல்ல ஆரம்பம். அதற்குப் பிறகு ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு இந்த விஷயத்தில் மீன் விலையைத் தவிர வேறெதுவும் பெரிதாக ஏறவில்லை.

மின்சாரத்தைக் கண்ணாடி ஜாடிக்குள் பிடித்து அடைக்கலாம் என்று 1745-46 வாக்கில் தெரிந்தது. ஹாலந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் முஷன்புரூக் அந்த ஜாடியிடம் ஓர் அடி வாங்கினார். பிரான்ஸ் ராஜ்யத்தையே எழுதித் தந்தாலும் இனி தொடமாட்டேன் என்கிற பாணியில் நண்பருக்குக் கடிதம் போட்டார். பிரான்ஸில் அதைப் படித்தவர்கள் பயப்படவேண்டுமா இல்லையா? நொல்லே என்ற பாதிரியார் ஜாடியைத் தூக்கிக்கொண்டு நேராக அரண்மனைக்குப் போனார். பதினைந்தாம் லூயி முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து ஷாக் கொடுத்தார். 180 பேரும் ஒரே சமயத்தில் துள்ளினார்கள். ராஜாவுக்குப் பரமானந்தம். துறவி மடத்தையும் நொல்லே விட்டுவைக்கவில்லை. அங்கேயும் வரிசை, அங்கேயும் துள்ளல். தபசில் கிடைக்காத ஒன்று அன்றைக்கு அவர்களுக்கு நொடியில் கிடைத்தது.

துள்ளவைக்கிற சரக்கு குணப்படுத்தாமலா இருக்கும் என்று ஐரோப்பா முழுக்க எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மெதடிஸ்ட் சபையை ஆரம்பித்த ஜான் வெஸ்லி லண்டனில் ஏழைகளுக்கு இலவசமாகக் கரண்ட் வைத்தார். 1760-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். தலைவலி, பல்வலி, கவுட், இடுப்புப் பிடிப்பு என்று நீண்ட பட்டியல். பிரசங்கம் கேட்கத் தனிக் காசு கிடையாது, ஷாக்குக்கும் கிடையாது. சுகமாகிவிட்டதா என்று கேட்பவர் போதகர். யாருக்குத்தான் இல்லை என்று சொல்ல நா எழும்?

அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடமும் பக்கவாதக்காரர்கள் வந்து குவிந்தார்கள். இந்த மனிதர் 1750 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வான்கோழியை மின்சாரத்தால் கொல்லப்போய், ஷாக்கைத் தானே வாங்கிக்கொண்டு மயங்கியவர். அந்த அனுபவம் அவரை நிதானப்படுத்தியிருக்கவேண்டும். 1757-இல் அவர் எழுதியதன் சாரம்: முதல் சில நாள் தேறினார்கள், அப்புறம் தேறவில்லை. அந்தச் சில நாள் தேற்றம்கூட என் ஜாடியால்தானா, இல்லை தினமும் என் வீடுவரை வந்துபோன உடற்பயிற்சியாலா, குணமாகும் என்ற நம்பிக்கையாலா, தெரியாது. தன் சொந்தக் கடைச் சரக்கைப் பற்றி இப்படிப் பேசியவர் இந்தக் கதை முழுவதிலும் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள்.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. ஜான் வால்ஷ் என்று ஒருவர். ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் படைக்குச் சம்பளப் பட்டுவாடா செய்தவர், பிறகு ராபர்ட் கிளைவின் செயலாளர். பிளாசி யுத்தத்துக்குப் பின் கிளைவோடு இருந்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. வால்ஷும் கைநிறையப் பணத்தோடு போய் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அதன்பின் பொழுது போகவேண்டுமே. 1772-இல் பிரான்ஸின் லா ரொஷேல் துறைமுகத்தில் மின்திருக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்களைக் கைகோத்து நிற்கவைத்து, மீன் கொடுப்பது அசல் மின்சாரம்தான் என்று காட்டினார். அதற்காக ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. லார்கஸ் ஊர்ஜிதமாக ஆயிரத்து எழுநூறு வருடமும், வங்காளத்துக் கஜானாவில் கொஞ்சமும் செலவாகியிருக்கின்றன. அந்த மீனின் உறுப்பைப் பார்த்துத்தான் வோல்டா 1800-இல் தகடு தகடாக அடுக்கி பேட்டரி செய்தார். உங்கள் டார்ச் லைட்டுக்கு ஒரு திருக்கை பாட்டன் உண்டு.

இப்போது எனக்குப் பிடித்த ஆசாமிக்கு வருகிறேன். எலிஷா பெர்கின்ஸ், அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த டாக்டர். மூன்று அங்குல நீளத்தில் இரண்டு உலோகக் கம்பிகள், ஒரு முனை கூராக இருக்கும். வலிக்கிற இடத்தில் வைத்து இழுத்தால் கெட்ட மின்சாரம் வெளியே வந்துவிடும் என்றார். 1796-இல் காப்புரிமையும் வாங்கினார். உள்ளூர் மருத்துவச் சங்கம் அவரைத் தள்ளிவைத்தது. அதனால் வியாபாரம் படுத்ததா என்றால், இல்லை. மகன் பெஞ்சமின் லண்டனுக்குப் போய் ஜோடி ஐந்து கினி என்று விற்றார். அது வேலைக்காரர்களின் பல மாதச் சம்பளம்.

இங்கிலாந்தின் பாத் நகரத்து டாக்டர் ஜான் ஹேகார்த்துக்கு இதில் ஒரு சந்தேகம். 1799-இல் மரத்தில் இரண்டு குச்சி செய்தார், உலோகம் மாதிரியே வர்ணம் பூசினார். ஆஸ்பத்திரியில் நாள்பட்ட வாத நோயாளிகள் ஐந்து பேர். பெரிய டாக்டர்கள் கூடி நின்று, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, மரக் குச்சியால் இழுத்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு வலி குறைந்தது. மறுநாள் அசல் கம்பியால் இழுத்தார்கள். ஏறக்குறைய அதே பலன். ஹேகார்த் சத்தம் போடாமல் ஒரு சிறு நூல் எழுதினார். உடம்பின் நோயை மனக்கற்பனை உண்டாக்கவும் செய்யும், தீர்க்கவும் செய்யும் என்பது அதன் சங்கதி. மருத்துவ வரலாற்றில் எனக்குச் சிலை வைக்கிற அதிகாரம் இருந்தால், ஹேகார்த்துக்கு ஒன்று, அந்த மரக் குச்சிக்கு ஒன்று.

அப்பா பெர்கின்ஸ் அதே 1799-இல் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, தன்னுடைய இன்னொரு கண்டுபிடிப்பைச் சோதிக்கப் போய், அதே காய்ச்சலில் இறந்தார். ஆகவே அவர் பித்தலாட்டக்காரர் இல்லை. நம்பினார், பாவம். மகனுக்கு அந்தப் பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை. காசோடு சௌக்கியமாக வாழ்ந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1846-இல் ஈதர் வந்து, ஆபரேஷன் மேஜையில் அலறல் நின்றது. அதற்குப் பிறகும் ஃபிலடெல்ஃபியாவின் பல் டாக்டர் ஃபிரான்சிஸ், பல் பிடுங்கும் கொறடாவிலேயே கரண்டைக் கொடுத்து வலி தெரியாமல் எடுக்கலாம் என்று 1858-இல் காப்புரிமை வாங்கினார். பல் வரும்போது வலித்தது பல்லா, கரண்டா என்று நோயாளிக்குப் புரியவில்லை என்றால் அதுவும் ஒருவகை நிவாரணம்தானே. புல்வெர்மாக்கர் கம்பெனியின் மின்சாரச் சங்கிலிப் பட்டைகள் சக்கைப்போடு போட்டன. 'மதாம் பொவாரி' நாவலில் வரும் மருந்துக் கடைக்காரர் ஒன்றைக் கட்டிக்கொண்டு பெருமை அடிப்பார். சார்லஸ் டிக்கன்ஸ் கால் வலிக்காக 1870 ஜூன் தொடக்கத்தில் ஒன்று கேட்டு எழுதினார். அதே மாதம் 9-ஆம் தேதி பக்கவாதத்தில் இறந்துபோனார். பட்டையின் மேல் பழி இல்லை.

1919-இல் அமெரிக்காவில் கென்ட் என்பவர் 'எலக்ட்ரீட்' என்று ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். டார்ச் லைட் மாதிரி கைப்பிடி, உள்ளே பேட்டரி, நுனியில் உருளை. தோலில் உருட்டினால் சுருசுரு என்று இருக்கும். வலி போகும் என்று மட்டும் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். உலகத்து வியாதிகளில் பாதிக்கு அது மருந்து என்று விளம்பரம் செய்ததால் அரசாங்கம் கோர்ட்டுக்கு இழுத்தது. கடைசியில், வலிக்கு மட்டும் என்று சொல்லி விற்றுக்கொள் என்றாகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அவர் சொன்ன பொய்களை எல்லாம் கழித்த பிறகு மிஞ்சிய அந்த ஒன்று உண்மையாக இருக்கலாம் என்று பின்னால் தெரிந்தது.

அது தெரிந்த வருடம் 1965. ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு ஓடும் ஒற்றை மணிக்கயிறு இல்லை, தண்டுவடத்தில் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது என்றார்கள். முழங்காலை மேஜையில் இடித்துக்கொண்டால் நாம் உடனே தேய்க்கிறோம் அல்லவா? தொடுகையைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகும் இழைகளில் பெரும்பாலானவை மெல்லியவை, மந்தமானவை. கோயிலில் ஸ்பெஷல் தரிசன டிக்கெட்காரர்களை வரிசையாக உள்ளே விட்டால் தர்ம தரிசனக் கூட்டம் கயிற்றுக்குப் பின்னாலேயே நிற்பது மாதிரி, தேய்க்கிற சுகம் உள்ளே போகப் போக வலி வாசலில் நின்றுவிடுகிறது. தேய்க்கிற வேலையைக் கையால் செய்வானேன், கரண்டால் செய்யலாமே?

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வாலும் நரம்பியல் அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட்டும், கண்ணுக்குக் கீழே முக எலும்பில் உள்ள துளை வழியாக வரும் நரம்பில் ஊசி மின்முனையைச் செருகிக் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். யார் முகத்தில்? தங்கள் முகத்தில். லூயி மன்னர் காலத்தில் இருந்திருந்தால் 180 சிப்பாய்கள் கிடைத்திருப்பார்கள். தங்களுக்கு ஆபத்தில்லை என்று பார்த்த பிறகுதான் நாள்பட்ட வலியில் தவித்த எட்டு நோயாளிகளிடம் போனார்கள். இரண்டு நிமிடக் கரண்டுக்குப் பின் நான்கு பேருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வலி இல்லை. கட்டுரை 1967-இல் வந்தது.

அதே வருடம் நார்மன் ஷீலி, புற்றுநோய் வலியில் இருந்த 70 வயதுக்காரர் ஒருவரின் தண்டுவடத்துக்கு மேல் மின்முனையைப் பதித்தார். வலி அடங்கியது. ஆனால் முதுகைத் திறக்கும் முன் இந்த ஆளுக்குக் கரண்ட் ஒத்துவருமா என்று தெரியவேண்டும். அதற்குத் தோல்மேல் வைத்துப் பார்க்க ஏதாவது கருவி வேண்டும். ஷீலி எதை எடுத்தார் தெரியுமா? கோர்ட்டுக்குப் போய்வந்த நம் எலக்ட்ரீட்டை. சிலருக்கு அந்தப் பரிசோதனையிலேயே வலி விட்டது, ஆபரேஷனே தேவைப்படவில்லை. தோலில் வைத்து நரம்பைத் தூண்டும் 'டென்ஸ்' கருவி பிறந்தது இப்படித்தான். மெட்ரானிக் கம்பெனியின் பொறியாளர் டொனால்ட் மாவ்ரர், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பெட்டியாக அதைச் செய்து 1974-இல் காப்புரிமை பெற்றார்.

ஆபரேஷன் வார்டுக்கு அது வந்தது அந்தச் சமயத்தில்தான். 1970-களின் தொடக்கத்தில் மினியாபோலிஸில் ஆலன் ஹைம்ஸ் குழுவினர், தையல் போட்டு முடித்த கையோடு காயத்தின் இரு பக்கமும் கிருமி நீக்கிய பட்டைகளை ஒட்டிக் கரண்ட் கொடுத்தார்கள். மார்ஃபின் ஊசி குறைந்தால் நோயாளி தெளிவாக இருப்பார், இருமிச் சளியைத் துப்புவார், எழுந்து நடப்பார், குடல் சீக்கிரம் வேலை செய்யும். காலமும் கூடிவந்தது. 1971 ஜூலையில் பீக்கிங் போயிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் வெட்டவேண்டி வந்தது. ஆபரேஷனுக்கு உடம்பை மரக்கவைக்கும் வழக்கமான மருந்துதான். அதற்குப் பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்கு அக்குபங்சர் ஊசி குத்தினார்கள். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, ஊசி குத்தியே வயிற்றைக் கிழித்தார்களாம் என்று அமெரிக்கா முழுக்கப் பேசிக்கொண்டது. ஊசியில் சீனர்கள் கரண்டும் கொடுக்கிறார்களாம் என்று கேட்டபோது பேட்டரிப் பெட்டிக்கு மவுசு எகிறியது.

அப்புறம் ஆய்வுகள் குவிந்தன. முடிவுகள் எல்லாம் பிரமாதம். "இப்ப எப்படி இருக்கு?" "பரவாயில்லை டாக்டர்."

1996-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டான் கரோல், மெக்வே, மூர் முதலியோர் இந்தக் குவியலை இரண்டாகப் பிரித்தார்கள். யாருக்குக் கரண்ட், யாருக்கு வெறும் பெட்டி என்பதைக் குலுக்கல் முறையில் ஒழுங்காக முடிவு செய்த ஆய்வுகள் ஒரு பக்கம், அப்படிச் செய்யாதவை இன்னொரு பக்கம். குலுக்கல் இல்லாத 19 அறிக்கைகளில் 17, ஆபரேஷன் வலிக்கு டென்ஸ் கேட்கிறது என்றன. குலுக்கிப் போட்ட 17-இல் 15-க்கு எந்தப் பலனும் தெரியவில்லை. ஹேகார்த்தின் மரக் குச்சி இருநூறு வருடம் கழித்து எழுந்து வந்து எல்லாரையும் ஓர் அடி போட்டுவிட்டுப் போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் வசதிதான், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நார்வேயின் பியோர்டால் விடவில்லை. அவரும் கூட்டாளிகளும் 2003-இல் 21 சோதனைகளை, மொத்தம் 1350 நோயாளிகளை, மறுபடி கிளறினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: கரண்டை எவ்வளவு ஏற்றினீர்கள்? பல இடங்களில் அதைப் பற்றி மூச்சே இல்லை. பயந்து பயந்து, லேசாகக் கூசும் அளவில் வைத்தவர்களும் உண்டு. 'பலமாக, ஆனால் வலிக்காமல்' என்ற அளவில் காயத்தருகே கொடுத்த சோதனைகளில், போலிப் பெட்டிக்காரர்களைவிட வலி மருந்துத் தேவை 35 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. மற்றவற்றில் 4 சதவீதம்தான். முழங்கால்வரை மரக்கும்வரை இறங்காதே என்று லார்கஸ் சொன்னதை இரண்டாயிரம் வருடமாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனாலும் சண்டை தீரவில்லை, தீர்வதும் கஷ்டம். கரண்ட் ஓடினால் நோயாளிக்குத் தெரிந்துவிடும், அவரிடம் மரக் குச்சி வேலை பலிக்காது. என் தீர்ப்பு இவ்வளவுதான்: டென்ஸ் தனியாளாக ஆபரேஷன் வலியைத் தாங்காது. மாத்திரைக்குத் துணையாக, அதுவும் எழுந்து நடக்கும்போதும் மூச்சை இழுத்து விடும்போதும், உதவக்கூடிய மலிவான பெட்டி. பெட்டியை அணைத்தால் சுகமும் பெரும்பாலும் கூடவே போய்விடும்.

நம் ஊரில் மூட்டு ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் "கரண்ட் வெச்சுட்டு வந்தேன்" என்பார்கள். அந்தக் கரண்டில் இதுவும் ஒரு வகை. உங்களுக்கு வைத்தால், சுருசுருப்பு நன்றாகத் தெரிகிறவரை ஏற்றச் சொல்லுங்கள், சுரீர் என்றால் இறக்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பட்டையை நேராகக் காயத்தின் மேலோ கழுத்தின் முன்பக்கமோ ஒட்டவிடாதீர்கள், வலி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமான ஒன்று பாக்கி: காப்பியில் உள்ள கஃபீன் டென்ஸின் பலனைக் குறைக்கிறது என்று ஆரோக்கியமான ஆட்களிடம் செய்த ஒரு சிறு சோதனை 1995-இல் வெளியானது. ஃபில்டர் காப்பியைக் கரண்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.